வேண்டுதலில் விட்டுப்போன சொல்

தாகேதா, யாங்கோன்.

அன்பு மகன் குழந்தைவேலுக்கு அம்மா எழுதுவது. அம்மன் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் எழுந்து நடமாடுகிறோம், அங்கே நீயும் மருமகளும் சுந்தரும் அப்படியே இருக்க வேண்டும். உன் தங்கை மகள் தமிழரசி பத்தாம் வகுப்புக் கணக்கில் பள்ளிக்கூடத்திலேயே முதலாக வந்தாள், அவள் அண்ணன் உதயசூரியன் சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் மேஸ்திரி ஆகிவிட்டான், நம்ம சுந்தரோ அந்த ஜெர்மனியில் ஆறு வயதில் ஐஸ் ஹாக்கி ஆட ஐஸில் ஏறி, பதினேழில் பெரியவர்களோடு மட்டை பிடித்து, அந்த ஊர் அணிக்கே தலைவனாகி, இப்போது அங்கேயே பிள்ளைகளுக்குக் கோச். நான் இதைச் சொல்லாத வீடு இந்தத் தெருவில் இல்லை. எதிர்வீட்டு பர்மாக்காரம்மா டோ கின் மட்டும், மீன் கடை ஐஸைத் தொட்டாலே கை விறைக்கிறது, அதன்மேல் ஓட ஒருத்தனா என்று இன்னும் நம்பவில்லை.

ஆனால் தம்பி, பெருமை பேசிவிட்டு வீட்டுக்குள் வந்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. போன வருஷம் கரண்ட் இருந்த நேரத்தில் தமிழரசி ஃபோனில் அவன் ஆட்டத்தைக் காட்டினாள். ஒரு தடியன் வந்து அவனைப் பலகைச் சுவரோடு சேர்த்து இடித்தான், இவன் எழுந்து உடைந்த பல்லை உள்ளங்கையில் துப்பிப் பார்த்துச் சிரிக்கிறான். மறுநாளே கோயிலுக்குப் போய், தாயே, அவன் அந்த மட்டையைக் கீழே வைக்கட்டும், உனக்குப் பால்குடம் எடுக்கிறேன் என்று மஞ்சள் துணியில் காசு முடிந்துவிட்டு வந்தேன். உடம்புக்கு ஒன்றும் ஆகாமல் என்று ஒரு சொல் சேர்த்திருக்க வேண்டும், பதற்றத்தில் விட்டுவிட்டேன். ஐப்பசியில் அவன் முழங்கால் போனது. நான் கேட்டபடியே மட்டையைக் கீழே வைத்துவிட்டான்.

பங்குனி உத்திரம் வருகிறது. பூசாரி, கேட்டது கெடச்சிருச்சுல்ல, அப்புறம் என்ன ஆயா, குடத்தத் தூக்குங்க என்கிறார். உன் தங்கையோ, உலகத்துல முட்டி ஒடையிறவனுக்கெல்லாம் நீதான் வேண்டிக்கிட்டியா என்று கேலி செய்கிறாள். பேரன் கால் ஒடிந்ததற்கு நான் எப்படி நன்றி சொல்லிக் குடம் எடுப்பேன், எடுக்காமல் விட்டால் அந்தக் குறை அவன் தலையில் அல்லவா விழும். அவன் ஃபோனில், அப்பத்தா, நான் இப்ப வாத்தியார் என்று சிரித்தான். எட்டு வயதில் இங்கே வந்தபோது மாடிப்படியில் உருண்டுவிட்டு, வலிக்கல என்றானே, அதே குரல்.

அவனை ஐஸிலேயே நெடுநேரம் நிற்கவிடாதே, முட்டிக்கு நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிடு. இந்தக் கடிதத்தை அவனுக்குப் படித்துக் காட்டு, ஜெர்மனில் சொல்லும்போது பாட்டியின் விளையாட்டு என்று மழுப்பிவிடாதே. மருமகளுக்கும் என் ஆசீர்வாதம், நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

ஒன்று மட்டும் மறக்காதே. இங்கே சுவரில் இருக்கிற படத்தில் அவன் மட்டையோடு நிற்கிறான். புதுப் படம் ஒன்று தபாலில் அனுப்பு, ஃபோனில் வேண்டாம், கரண்ட் போனால் முகமும் போய்விடுகிறது. கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லாதே, அந்தப் பிள்ளைகள் ஆடுவதை அவன் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, அவனுக்குத் தெரியாமல் எடு. அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் நான் குடத்தைத் தொடுவேன்.

உன் அம்மா,
வேலம்மா