மணிக்கென்று நீ கொடுத்த ரொட்டி

என் உயிரான அண்ணனுக்கு,

கல்லறைத் திருநாளுக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. வருஷா வருஷம் உன் கல்லறைக்கு வெள்ளையடித்து, மெழுகுவத்தி ஏற்றி, பூ வைத்துவிட்டு வந்துவிடுவேன். உன்னிடம் பேசுவதில்லை. எந்த முகத்தோடு பேசுவது? இந்த வருஷம் சொல்லியே ஆக வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

1991இல் உனக்குக் கழுத்தில் நெறி கட்டிய அதே மாதம் நம் நாய் மணிக்கும் தாடைக்குக் கீழே நெறி கட்டியது. உனக்கு ரத்தப் புற்றுநோய் என்று பட்டணத்து ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மணிக்கு யார் வைத்தியம் பார்ப்பார்கள்? ஆனால் நம் ஊர் சேரப்பணஞ்சேரி முழுக்க ஒரே பேச்சு, உன் பாயிலேயே படுத்துக் கிடந்த நாய்தான் உனக்கு ஒட்டவைத்தது என்று. பத்தாவது பாஸ் செய்த நான்தான் எல்லாருக்கும் முன்னால் அதை நம்பினேன்.

நீ ஆஸ்பத்திரியில் சேர்ந்த மூன்றாம் நாள், மணியைச் சாக்கில் கட்டி, செங்கல் ஏற்ற வந்த லாரியில் போட்டு, எங்கேயாவது தூரமாக விட்டுவிடச் சொன்னேன். யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. சாக்கை நானேதான் முடிச்சுப் போட்டேன். அது முனகக்கூட இல்லை.

உன்னிடம், "மணி நல்லா கீதுண்ணா" என்றேன். ஞாயிற்றுக்கிழமை நான் வரும்போதெல்லாம், ஆஸ்பத்திரி ரொட்டியில் பாதியைத் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்து, "இத்த மணிக்குப் போடு" என்று கொடுப்பாய். வாங்கிக் கைக்குட்டையில் சுற்றிக்கொள்வேன். பஸ் படப்பை தாண்டியதும் ஜன்னல் வழியாக எறிந்துவிடுவேன். நீ தொட்டது என்ற பயம். வீட்டுக்கு வந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுவேன். இதை எழுதும்போதுகூட அந்தக் கையைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

உன் மருமகள், என் பெண் ஜெனி, இப்போது ஓர் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறாள். நாய்களுக்கு வரும் ரத்தப் புற்றையும் மனிதர்களுக்கு வருவதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, மரபணுவில் எங்கே கெட்டிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கிற வேலை. போன வாரம் சாப்பிடும்போது, நாயிடமிருந்து மனிதனுக்கு இது எப்படித் தொற்றும் என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டேன்.

"தொத்தாதும்மா. உங்க கம்பெனியில அச்சுல கீறல் வுழுந்தா இன்னா ஆவும்?"

வருகிற பீஸெல்லாம் ரிஜெக்ட்தான் என்றேன். வல்லம் வடகால் கம்பெனியில் அச்சில் வார்த்து வரும் பீஸ்களைச் சரிபார்க்கிற வேலைதானே எனக்கு.

"அதான். நாய் ஒடம்புல ஒரு அச்சு, மனுஷன் ஒடம்புல ஒரு அச்சு. பல நேரம் ரெண்டுலயும் ஒரே எடத்துல கீறல் வுழுது. அதுக்காக இந்தக் கம்பெனி ரிஜெக்ட்டு அந்தக் கம்பெனி லைனுக்குப் போவுமா?"

போகாது. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். மணி உனக்கு எதையும் கொடுக்கவில்லை, அண்ணா. உன்னைப் போலவே அதுவும் நோயில் கிடந்தது, அவ்வளவுதான். நாயைப் பார்த்து மனிதனுக்கும், மனிதனைப் பார்த்து நாய்க்கும் மருந்து தேடலாம் என்கிறாள் ஜெனி. தேடட்டும். உங்கள் இரண்டு பேருக்கும் அதனால் என்ன ஆகப்போகிறது? மணி எந்த ரோட்டோரத்தில் செத்தது?

கடைசி ஞாயிற்றுக்கிழமை நீ ரொட்டியை நீட்டினாய். மணிக்குத்தானே என்று கேட்டேன்.

"நீயே துன்னு ஸ்டெல்லா. என் எதிர்ல துன்னு."

பசியில்லை என்றேன். நீ சிரித்தாய். செவ்வாய்க்கிழமை போய்விட்டாய். மணி இல்லை என்று உனக்குத் தெரிந்துவிட்டதா, நான் உன்னைத் தொடப் பயந்தது தெரிந்துவிட்டதா, இரண்டுமா? இனி யாரைக் கேட்பேன்?

மன்னிப்பு கேட்கவில்லை. கேட்டால் உடனே கொடுத்துவிடுவாய், அதைத் தாங்க எனக்குத் திராணி இல்லை. திருநாளன்று பூவோடு ஒரு ரொட்டியும் கொண்டுவருகிறேன். உன் கல்லறைமேல் வைத்து, நீ கொடுத்ததாக நினைத்து எடுத்து, உன் எதிரிலேயே தின்கிறேன். அன்றைக்குக் கை கழுவமாட்டேன்.

உன் கையால் வாங்கித் தின்னாத தங்கை,
ஸ்டெல்லா