திறக்கும் கதவு

ஞாயிறு, இரவு

செத்துப்போன அண்ணனின் வெள்ளை டாக்ஸியை உள்ளங்கை அளவில் செய்து, இன்று அண்ணியிடம் கொடுத்தேன். வேண்டாம் என்று என் மனைவி சொன்னாள். கேட்டிருக்கலாம்.

கார் உடம்பு முழுக்கக் கம்பெனியில் கழித்துப்போட்ட அலுமினியத் தகடு. கதவுக் கீலுக்குத்தான் பாடாய்ப் பட்டேன். ஊசிபோடும் ஊசியை அறுத்து, அதற்குள் கிட்டார் கம்பியைச் செருகினேன். நகம் பட்டாலே திறக்கும். கதவு திறக்காத மாடலை நான் யாருக்கும் கொடுத்ததே இல்லை. அப்படியொரு திமிர்.

அண்ணன் தன் டாக்ஸியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் போலவே நான் சின்னதாக ஒட்டியிருந்ததை அண்ணி தடவிப் பார்த்தார். பிறகு டிரைவர் பக்கத்துக் கதவை நகத்தால் நெம்பினார். திறந்தது. மூடினார். மறுபடியும் திறந்தார்.

“எவ்ளோ லேசா தெறக்குது, தம்பி.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சூளகிரி தாண்டி லாரியில் மோதியபோது அந்தக் கதவுதான் நசுங்கிச் சிக்கிக்கொண்டது. கடப்பாரை வரும்வரை அண்ணன் உள்ளேயிருந்து தட்டிக்கொண்டே இருந்தானாம். பார்த்தவர்கள் அண்ணியிடமே வந்து சொன்னார்கள். எனக்கும் தெரியும். தெரிந்தும் கீல் வைத்திருக்கிறேன்.

“குடுங்க அண்ணி, பசை போட்டு ஒட்டிக் குடுத்துடறேன்” என்று கை நீட்டினேன்.

அவர் காரை மடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

“வேணாம் தம்பி. இதாவது தெறக்கட்டும்.”