கோப்பியின் மேல் போட்ட பழி

ராத்தா,

இன்று காலை உங்கள் மகள் றிஸ்னா உங்களுடைய சிக்கரி டின்னைத் திறந்தாள். கருகின சீனியும் கசப்பும் கலந்த அந்த வாசம் மதிலைத் தாண்டி என் குசினி அடுப்பு வரை வந்தது. அந்தக் கோப்பியை அவள் எனக்காகத்தான் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

கொஞ்சம் முன்னர் வளவு கூட்டிக்கொண்டிருந்த நான், நெஞ்சு படபடத்து மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். அவள் அதைக் கண்டுவிட்டாள். "சாச்சி, இது கோப்பி செய்ற வேல. உம்மாட சிக்கரி மிச்சம் கிடக்கு. அதக் கலந்து தாறன், கொறஞ்சிரும்" என்றாள். சொல்லும் உங்களுடையது, தலையாட்டலும் உங்களுடையது.

உங்களுக்கும் இப்படித்தானே தொடங்கியது. அப்போது நாம் பயப்படவில்லை, சிரித்துக்கொண்டிருந்தோம். நீங்கள் மதிலுக்கு மேலால் கோப்பிக் கோப்பையை நீட்டுவதற்காகத்தான் வாப்பா அக்கா தங்கை நம் இருவருக்கும் சீதன வீட்டைப் பக்கத்தில் பக்கத்தில் கட்டித் தந்தார் என்று மச்சான் பகிடி பண்ணுவார். நெஞ்சு அடித்துக்கொண்டால் அதன் மேல் கையை வைத்து, "சும்மா கெட புள்ள, நாளைக்குக் கொறைக்கன்" என்று அதனிடமே கதைப்பீர்கள்.

பிறகு உங்கள் மருமகன் இந்தியாவிலிருந்து சிக்கரி கலந்த கோப்பித்தூள் கொண்டுவந்தார். "இதுல பாதி வேருதான் மாமி, நெஞ்சுக்கு ஒண்டும் செய்யா." குடித்துப் பார்த்தீர்கள். படபடப்பு உண்மையாகவே குறைந்தது. "பாத்தியா கா, கோப்பிதான் எண்டு சொன்னனே" என்று வென்ற முகத்தோடு நின்றீர்கள். அதன் பிறகு வாசல் படி ஏறவே மூச்சு வாங்கியது, இடது தோள் உளைந்தது. அதற்கும் உங்களிடம் பதில் இருந்தது, சிக்கரி வாய்வாம். அதில் பொய்யும் இல்லை, அந்த வேர் சிலருக்கு வயிற்றில் வாய்வைக் கிளப்பத்தான் செய்யும். வயிற்று வாய்வுக்குத் தோளில் என்ன வேலை என்றுதான் நம் வீட்டில் எவருக்கும் தோன்றவில்லை.

அதற்குள் நோன்பு வந்துவிட்டது. தலையிடி, களைப்பு, கண்ணில் இருட்டு. பகலில் கோப்பி இல்லாத குறை என்றீர்கள். "பெருநாள் போகட்டும், டொக்டரிட்டப் போவம்." நோயாளி நோன்பை விடலாம் என்பது பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுத்த உங்களுக்குத் தெரியாததா? நான் அதைச் சொன்னபோதும் சிரித்தீர்கள். "நான் நோயாளி இல்ல கா, கோப்பிக்காரி."

பின்னேரம் அஸர் தொழுகை நேரம், நோன்புக் கஞ்சிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்த இடத்திலேயே சரிந்தீர்கள். இதயக் குழாய் அடைப்பு, நெடுநாளாகவே இருந்திருக்க வேண்டும் என்றார்கள். பெருநாளைக்கென்று நீங்கள் தைக்கக் கொடுத்த உடுப்பு, நீங்கள் போன பிறகுதான் வீட்டுக்கு வந்தது.

கோப்பிதான் கொன்றதா என்று அன்றைக்கு டொக்டரிடம் கேட்டேன். கோப்பி சிலருக்குப் படபடப்புக் கொடுக்கும், நித்திரையைக் கெடுக்கும், திடீரென்று விட்டால் தலையிடிக்கும். சிக்கரியில் அந்த வேகம் இல்லை என்றார். "ஆனா இந்த வருத்தம் வேற. கோப்பிய மாத்தினா அது போகாது." பாவம் அந்தக் கோப்பி. எல்லாப் பழியையும் அதன் மேல் போட்டோம். உள்ளே இருந்தது நிம்மதியாக வளர்ந்தது.

இன்று நடந்ததைக் கேளுங்கள். நான் கோப்பையை வாங்காமல் நிற்பதைப் பார்த்து றிஸ்னா, "என்ன சாச்சி, ஆஸ்பத்திரிக்குப் போவமா?" என்றாள். நோன்புக்குப் பிறை பார்க்கக் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. என் வாய் தானாகச் சொன்னது: "பெருநாள் போகட்டும் புள்ள."

சொல்லி முடித்த பிறகுதான் அது உங்கள் பேச்சு என்று விளங்கியது. நாம் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள். மூக்கு ஒன்று, முன்கோபம் ஒன்று. நெஞ்சும் ஒன்றாக இருந்தால்? றிஸ்னா பயந்துபோகும் அளவுக்குக் கத்தினேன். "ஓட்டோவக் கூப்பிடு. இப்பவே கூப்பிடு!"

ஆஸ்பத்திரியில் இருந்தது வயது குறைந்த ஒரு டொக்டர் பிள்ளை. "இது ஏன் வருது எண்டு நினைக்கிறீங்க?" என்று கேட்டாள். கோப்பி என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன்.

"எனக்குத் தெரியா டொக்டர், அதுக்குத்தான் வந்தன். என்ட ராத்தா நெஞ்சு வருத்தத்துல மௌத்தாப்போனா."

அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். நெஞ்சில் வயர்களைப் பூட்டிப் பார்த்தார்கள். ஏதோ வித்தியாசம் தெரிகிறதாம். இங்கேயே வார்டில் மறித்து வைத்துவிட்டார்கள், நாளைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்களாம். வார்டுக் கட்டிலில் இருந்துதான் இதை எழுதுகிறேன். அடிக்கடி கை தானாக நெஞ்சுக்குப் போகிறது. ஆனால் நான் அதனிடம் சும்மா கிட என்று சொல்வதில்லை.

எனக்குச் சரியான பயமாக இருக்கிறது ராத்தா. உங்களுக்கு வந்திருக்க வேண்டிய பயம் இது. உங்கள் பங்கையும் சேர்த்து நான்தான் வைத்திருக்கிறேன். நாளைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அதையும் கூட்டிக்கொண்டுதான் போகிறேன்.