பூரணியின் தலையில் வைத்த மருந்து

6-6-2004 ஞாயிறு

வெயில் கொளுத்துகிறது. தண்ணீர் லாரி இன்றும் வரவில்லை.

நல்ல சமாசாரங்கள். மூத்த பேரன் அருணுக்குக் காலேஜிலேயே வேலை கிடைத்துவிட்டது, பெங்களூர். மகள் வீட்டு தீபா பத்தாவதில் கணக்கில் நூற்றுக்கு நூறு. கூடவே இருக்கும் பூரணிக்கு (மகன் சேகரின் பெண், ஒன்பது வயது) கையெழுத்துப் போட்டியில் முதல் பரிசு. அவள் முடியும் இடுப்பைத் தாண்டிவிட்டது. மாடம்பாக்கம் கோயிலில் நிறுத்திக் கேட்கிறார்கள், என்ன எண்ணெய் என்று. நான் வளர்த்த முடி.

ஆனால் பேன். லீவில் ஒட்டிக்கொண்டது. வாரி வாரிக் கை வலி. மருமகள் சுதா, "கிராப் வெட்டிடலாம் அத்தை" என்றாள். "முதல்ல என் கையை வெட்டு" என்றேன்.

7 திங்கள்

காலை கடைக்குப் போனேன். உப்பு, புளி, மூட்டைப்பூச்சி மருந்து. "தலைக்கும் போடலாம் பாட்டிம்மா, எல்லாரும் போடறாங்க" என்றான் கடைக்காரன். எண்ணெயில் கலந்து பூரணிக்குத் தேய்த்துத் துண்டு கட்டினேன். சுதாவிடம் சொல்லவில்லை. பிறகு பின்னல் போட்டு மல்லிப்பூ, வாசனை தெரியாமல் இருக்க.

8 செவ்வாய்

நேற்று மூன்று மணிக்குப் பூரணிக்கு வாந்தி. வேர்வை. வாயில் எச்சில் ஒழுகி நிற்கவே இல்லை. ஆட்டோ, ஆஸ்பத்திரி.

டாக்டர் சின்னப் பெண். "என்ன சாப்பிட்டா?"

"பானிபூரி." நான்தான் சொன்னேன். சுதா பக்கத்தில் நிற்கிறாள், வேறென்ன சொல்வது. டிரிப்ஸ் ஏற்றினார்கள். ஒரு மணி நேரம். பிள்ளைக்கு மூச்சு கரகர.

விரிப்பு மாற்ற வந்தவள் குனிந்தாள், மூக்கைப் பிடித்தாள். "டாக்டரம்மா! கொழந்த தலையில மூட்டப்பூச்சி மருந்து நாறிக்கினு கீது! இன்னா பெரிம்மா, பூ வச்சா போயிடுமா?"

இவள் யார் என்னைக் கேட்க என்று அப்போதும் கோபம் வந்தது. அதை நினைத்தால்தான் இப்போது பற்றி எரிகிறது.

"ஆமாம், நான்தான் தேய்ச்சேன்" என்றேன்.

டாக்டர் பிள்ளை கண்ணில் விளக்கு அடித்தாள். கண்மணி குண்டூசி முனை அளவு. துணியைக் கழற்றி, பின்னலைக் கத்தரித்து, சோப்பு போட்டு உடம்பு முழுக்கக் கழுவினார்கள். அட்ரோபின் என்று ஒரு ஊசி. எச்சில் நிற்கும்வரை திரும்பத் திரும்ப.

"தோல் வழியாவும் விஷம் ஏறும் பாட்டி. வந்ததும் சொல்லியிருந்தா அப்பவே இந்த ஊசி போட்டிருப்பேன். பானிபூரியாம்!"

9 புதன்

பிள்ளை முகம் செக்கச் செவேல். வாய் காய்ந்து தண்ணி தண்ணி என்கிறாள். இல்லாத எறும்பைப் போர்வையில் பொறுக்குகிறாள். ஊசியால் வருவது, தெளியும் என்றாள் டாக்டர். தொடப் போனேன். "தள்ளிப் போங்க அத்தை" என்றாள் சுதா. சேகர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நேரே கடைக்குப் போய்க் கத்தினேன். "எல்லாரும் போடறாங்கன்னியே, உன் பொண்ணுக்குப் போடுவியாடா?" அவன் பாட்டிலை எடுத்து என் எதிரில் வைத்தான். மண்டை ஓடு படம். விஷம் என்று தமிழிலேயே இருக்கிறது. ஐந்தாவது படித்தவள் நான். முந்தாநாள் பாட்டில் என் கையில்தானே இருந்தது.

14 திங்கள்

பிழைத்தாள். டிஸ்சார்ஜ். மொட்டை. சுதா அங்கிருந்தே மதுரைக்கு, அவள் அம்மா வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டாள். என் வாசல் மிதிக்கவில்லை.

20 ஞாயிறு

லாரி வந்தது. நாலு குடம்.

கூடத்தில் மாட்டியிருந்த பூரணி போட்டோவைக் கழற்றிப் பரணில் போட்டேன். முன்பக்கம் முகம், பின்னால் கண்ணாடியில் ஜடை தெரிய ஸ்டுடியோவில் எடுத்தது. நான் எடுக்க வைத்தது.

போன். பூரணிதான். "பாட்டி, மொட்டைல காத்து ஜில்லுனு இருக்கு!" சிரிக்கிறாள். பின்னால் சுதா, "போதும், வை" என்கிறாள்.

வைப்பதற்குள் கத்திச் சொன்னேன்: அம்மாகிட்ட சொல்லு, புது போட்டோ ஒண்ணு எடுத்துத் தபால்ல போடணும். தலையில துணி கட்டாம, மொட்டையாவே.