மேல் படுக்கைக்காரி

கோல்ட்டர் பண்ணை, ஒன்டாரியோ
1909 ஜனவரி 10, ஞாயிறு

அன்புத் தம்பி பெர்சிக்கு,

அக்கா ஹெஸ்டர் எழுதுவது. நான் இங்கே சௌக்கியம். மூக்கு மட்டும் காலையில் தொழுவத்துக்குப் போனதும் காணாமல் போய்விடுகிறது. அடுப்படிக்கு வந்து அரை மணி நேரம் கழித்துத்தான் அது இருக்கிறது என்று தெரிகிறது. உன் மூக்கு எப்படி?

உனக்கு அச்செழுத்துத்தான் வாசிக்க வரும், என் கோழிக் கிறுக்கல் வராது. நீ வேலைக்கு இருக்கிற வீட்டுக்கு எந்தக் கடிதம் வந்தாலும் இராச்சாப்பாடு முடிந்ததும் டுவீடி அம்மா மேசையில் எல்லோருக்கும் சத்தமாக வாசிப்பார்கள் என்று, பண்ணை பண்ணையாகப் பாலேடு சேகரிக்கிற வண்டிக்காரர் லாக்கி சொன்னார். ஆகவே அம்மாவுக்கும் டுவீடி ஐயாவுக்கும், மேசையைச் சுற்றி இருக்கும் மற்றவர்களுக்கும் என் வணக்கம்.

இங்கே வெள்ளைப் பசு கன்று போட்டது. கோல்ட்டர் அம்மாவின் சின்ன மகள் எஃபிக்குத் தொண்டை வலி. அவளும் நானும் ஒரே படுக்கை என்பதால் அவள் இருமும்போதெல்லாம் எனக்கும் விழிப்பு. மாட்டுக்கு டர்னிப் கிழங்கு நறுக்கி நறுக்கி என் கை மரக்கட்டையாகிவிட்டது. உன் வேலையும் அதுதானே? கிழங்கை மட்டும் நறுக்கு, விரலை அல்ல.

இப்போது அந்த விஷயத்துக்கு வருகிறேன். டுவீடி அம்மா எனக்கு எழுதியிருந்தார்கள். நீ இன்னும் படுக்கையை நனைக்கிறாயாம். வைக்கோல் மெத்தையைத் தினமும் வேலியில் உலர்த்த வேண்டியிருக்கிறதாம், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிக்கிறார்களாம். பிப்ரவரி முதல் தேதிக்குள் நிற்காவிட்டால் உன்னை, நம்மைக் கப்பலேற்றி இங்கே அனுப்பிய அநாதை இல்லத்துக்கே திருப்பி அனுப்பிவிடுவதாக எழுதியிருக்கிறார்கள். அம்மா மேல் தப்பில்லை. இந்தப் பனியில் மெத்தை உலர்வது லேசான காரியமா?

டேய், நான் யாருக்கும் சொல்லாத ஒன்றை உனக்குச் சொல்கிறேன். நானும் அப்படித்தான். பதினாலு வயது வரை நனைத்தேன். நம்பாவிட்டால் என் தோழி ஏடாவைக் கேள். கப்பலில் எனக்கு மேல் படுக்கை, அவளுக்குக் கீழ்ப் படுக்கை. இரண்டாம் நாள் விடிகாலையில் அவள் எழுந்து உட்கார்ந்து, "ஐயோ, கப்பலில ஓட்டை! கடல் உள்ள வருது!" என்று கத்தினாள். மாலுமி ஒருவர் வாளியோடு ஓடி வந்தார். கடல் எங்கே இருந்து வருகிறது என்று மேலே பார்த்தால் நான்! அந்த மனிதர் வாளியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

கனடா வந்து ஒரு வருஷத்தில் அது தானாக நின்றது. சாயங்காலம் ஐந்து மணிக்குமேல் தேநீர் குடிக்காதே. பெரியவர்கள் படுக்கப் போகும்போது யாராவது உன்னை ஒரு தடவை எழுப்பிவிட்டால் போதும். முக்கியமாகப் பயப்படாதே. பயந்தால்தான் அதிகமாகும், எனக்குத் தெரியும். இது பொல்லாத குணமும் இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை. பல் விழுகிற மாதிரி, வருகிற நேரத்துக்கு வந்து, போகிற நேரத்துக்குப் போய்விடும்.

வாசித்துக் காட்டிய அம்மாவுக்கு நன்றி. சிரித்தவர்கள் நன்றாகச் சிரித்திருப்பார்கள் என்று நம்புகிறேன். நீயும் சிரி.

உன் அக்கா
ஹெஸ்டர் பட்னி


கோல்ட்டர் பண்ணை
பிப்ரவரி 7, ஞாயிறு

என் ஏடாவுக்கு,

ஹெஸ்டர் எழுதிக்கொள்வது. நீ வேலை செய்கிற வீட்டில் கடிதத்தை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை என்று சொன்னாயே, அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். வாசித்ததும் கிழித்துவிடு.

உன் பெயரை ஒரு பொய்யில் இழுத்துவிட்டேன். கப்பலில் நடந்ததை பெர்சிக்கு எழுதினேன், ஆனால் நம் இருவரையும் இடம் மாற்றிவிட்டேன். கடிதத்தின்படி மேல் படுக்கையில் இருந்தவள் நான், கீழே நனைந்தவள் நீ. கோபப்படாதே. வாளியை வாங்கிக்கொண்டு நீ விழித்த முழி எனக்கு இன்னும் மறக்கவில்லை, அதனால்தான் அவ்வளவு நன்றாக எழுத வந்தது. ஐந்து மணித் தேநீர், எழுப்பிவிடுவது எல்லாம் உன் வைத்தியம்தான்.

ஏன் செய்தேன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இல்லத்துக்குத் திரும்பிய பையன்களை எங்கே அனுப்புகிறார்கள் என்று நமக்குத் தெரியும். மூன்று நாள் ரயில் தூரம், மேற்கே. பத்து வயதுப் பிள்ளை, அப்பா அம்மா இல்லாதவன், என்னைத் தவிர ஒருவரும் இல்லை. இங்கிருந்து பன்னிரண்டு மைலில் இருக்கிறான். ஸ்டேஷனில் அவனை ஒரு வண்டியிலும் என்னை ஒரு வண்டியிலும் ஏற்றியதிலிருந்து இரண்டு வருஷமாக அவன் முகத்தைப் பார்க்கவில்லை. இருந்தாலும் பன்னிரண்டு மைல் என்பது பன்னிரண்டு மைல்தான், ஒரு நாள் நடந்தாவது போய்விடலாம் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

பொய் பலித்தது, ஏடா! கடிதத்தை வாசித்த அன்று லாக்கி அங்கே அடுப்போரம் உட்கார்ந்திருந்தாராம். டுவீடி அம்மா கப்பலில் ஓட்டை என்கிற இடத்துக்கு வந்ததும் சிரிப்பு தாங்காமல் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்களாம். டுவீடி ஐயா பேசவே பேசாத மனிதர். அவர் பெர்சியைப் பார்த்து, "உங்கக்கா பதினாலு வரைக்கும்னா, உனக்கு இன்னும் நாலு வருஷம் பாக்கி இருக்குடா" என்றாராம். பெர்சி மேசைக்கடியில் விழுந்து சிரித்தானாம். அன்றிலிருந்து ஐயாவே படுக்கப் போகுமுன் அவனை எழுப்பிக் கூட்டிப்போகிறார். பதினேழு நாளாக மெத்தை வேலிக்குப் போகவில்லை. திருப்பி அனுப்புகிற பேச்சே இப்போது இல்லை.

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். லாக்கிக்கு வாய் சும்மா இருக்காது. பாலேட்டுக் கேனைத் தூக்கிக்கொண்டே கோல்ட்டர் அம்மாவிடமும் அந்தக் கதையைச் சொல்லிவிட்டார், நல்ல மனதோடுதான். அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "இவளையா என் பிள்ளையோட படுக்க வெச்சேன்? சுத்தமான பொண்ணுன்னு சொல்லித்தானே அனுப்பினாங்க?" என்று கேட்டுவிட்டு நேரே மாடிக்குப் போய் மெத்தையைப் புரட்டிப் பார்த்தார்கள். ஒரு கறையும் இல்லை. "கெட்டிக்காரி, மறைக்கவும் தெரிஞ்சிருக்கு" என்றார்கள். இப்போது எனக்குப் படுக்கை பின்கட்டு அடுப்படியில், விறகுப் பெட்டி பக்கத்தில். இந்த வீட்டுப் பெரிய பையன்கள் இருவரும் நான் தண்ணீர் எடுத்து வரும்போதெல்லாம் "கப்பலில ஓட்டை" என்று பாடுகிறார்கள். என்னைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்படி இல்லத்துக்கு எழுதியாகிவிட்டது.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். உண்மையைச் சொல்லிவிடு, நான் வேண்டுமானால் சாட்சிக்கு எழுதுகிறேன் என்பாய். வேண்டாம், ஏடா, கெஞ்சிக் கேட்கிறேன். நான் இங்கே வாயைத் திறந்தால் செவ்வாய்க்கிழமை அது லாக்கியோடு டுவீடி வீட்டுக்குப் போய்விடும். அக்காவும் அவனைப் போலத்தான் என்று நினைத்துத்தானே பிள்ளை சிரித்தான்? அது பொய் என்று தெரிந்தால் மறுபடி அவன் தனியாகிவிடுவான். யாராவது விசாரித்தால், "ஆமாம், என் மேலதான் சொட்டிச்சு" என்று சொல்லு. அழுதுகொண்டு சொல்லாதே, கோபமாகச் சொல்லு, அப்போதுதான் நம்புவார்கள்.

எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்.

உன்
ஹெஸ்டர்


கோல்ட்டர் பண்ணை
பிப்ரவரி 21, ஞாயிறு

அன்புத் தம்பி பெர்சிக்கு,

உன் அக்கா ஹெஸ்டர் ஆசீர்வதித்து எழுதுவது. டுவீடி வீட்டார் எல்லோருக்கும் என் வணக்கம்.

நல்ல சேதி ஒன்று. நான் மேற்கே மானிட்டோபாவுக்குப் போகிறேன். அங்கே ஒரு பெரிய பண்ணை வீட்டில் பெண் ஆள் கேட்டு இல்லத்துக்கு எழுதியிருக்கிறார்கள், என்னைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே கோதுமை வயலின் இந்தக் கோடியில் உழ ஆரம்பிக்கிறவன் அந்தக் கோடியில்தான் மத்தியானச் சாப்பாடு சாப்பிடுவானாம். மூன்று நாள் ரயில் பயணம்! இந்த வீட்டுப் பையன்களுக்குப் பொறாமை, பாட்டுக்கூடப் பாடுகிறார்கள்.

லாக்கி ரொம்ப வருத்தப்பட்டார், ஏன் என்று தெரியவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். வண்டியில் உட்கார்ந்து பேச ஆள் குறைகிறது என்ற கவலையாக இருக்கும். இந்தக் கடிதத்தையும் அவர்தான் கொண்டுவருகிறார். அவருக்குச் சூடாக ஒரு தேநீர் கொடுங்கள்.

பெர்சி, நீ அங்கேயே இரு. டுவீடி ஐயா எழுப்பினால் முணுமுணுக்காமல் எழுந்திரு. எப்போதாவது ஒரு நாள் மறுபடி நனைந்தாலும் தலை ஒன்றும் போய்விடாது, மெத்தையை நீயே தூக்கிக்கொண்டு போய் வேலியில் போடு, வருகிற போகிறவர்களுக்குக் குட்மார்னிங் சொல்லு. கையெழுத்து வாசிக்கப் பழகு. எனக்கு நீயே எழுது, நாலு வரி போதும். நீ நல்லா இருக்கணும். நீ நெடுநெடுவென்று வளர்ந்து, குதிரை ஓட்டி, வயிறு நிறையச் சாப்பிட்டு, உன்னைப் பிடித்த மனிதர்களுக்கு நடுவே இருக்கணும். வேறொன்றும் நான் கேட்கவில்லை.

உன் அக்கா
ஹெஸ்டர்


(தனியாக மடித்த துண்டுத் தாள். மேலே: "டுவீடி அம்மாவுக்கு மட்டும். மேசையில் வாசிக்க அல்ல.")

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

வணக்கம். வியாழக்கிழமை நான் போகிற ரயில் பதினொன்றரை மணிக்கு உங்கள் ஊர் ஸ்டேஷனில் தண்ணீர் பிடிக்கப் பத்து நிமிடம் நிற்குமாம். உங்களால் அவனைக் கூட்டிவர முடியுமா? நான் கடைசிப் பெட்டிப் பக்கம் இறங்கி நிற்பேன். சாம்பல் நிறக் கோட்டு, பிரவுன் தொப்பி. என்னை அவனுக்கு அடையாளம் தெரியாமல் போகலாம், நீங்கள் காட்டிவிடுங்கள். நான் அழமாட்டேன், அவனையும் அழ வைக்கமாட்டேன், அதற்கு நான் பொறுப்பு.

வேலை நாள், பனி அதிகம், குதிரை பூட்ட முடியாது என்றால் உங்கள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அவனை வைத்துக்கொண்டீர்களே, அதுவே போதும். அப்படியானால் இந்தத் துண்டை அடுப்பில் போட்டுவிடுங்கள். ரயில் எந்த நாள் போகிறது, எந்த வழியாகப் போகிறது என்று மட்டும் அவனுக்குத் தெரிய வேண்டாம்.

இப்படிக்கு
ஹெஸ்டர் பட்னி