படிவத்தின் பதினோராவது கேள்வி

நெய்வேலி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அசோக்குமாருக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவின் நலம் இன்னும் இடது பக்கத்தோடு நிற்கிறது, வலது கை விரல் மட்டும் போன வாரம் கொஞ்சம் அசைந்தது. பெர்த்தில் நீயும் வளர்மதியும் குட்டிப் பெண்ணும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது, இல்லாவிட்டால் சிக்னல் போய்விடுகிறது, அதுவும் நான் சொல்வது உனக்குப் பிடிக்காத இடமாகப் பார்த்துப் போகிறது. காகிதத்தில் எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது, அதனால்தான். தபால் வந்து சேர நாளாகும் என்பதால் பக்கங்களைப் போட்டோ எடுத்து உன் போனுக்கும் அனுப்புகிறேன்.

இந்த வருஷம் வெயில் சீக்கிரமே ஆரம்பித்துவிட்டது. நாம் இருந்த குவார்ட்டர்ஸுக்கு வந்திருப்பவர்கள் வாசலில் இருந்த சப்போட்டா மரத்தை வெட்டிவிட்டுக் கார் நிறுத்தியிருக்கிறார்கள், இப்போது காருக்கு நிழல் இல்லை என்று தகரக் கொட்டகை போடுகிறார்கள், புத்தி எப்படி வேலை செய்கிறது பார். ஆர்ச் கேட்டுக்கு வெளியே நாங்கள் நடத்துகிற இல்லத்தில் இப்போது எட்டுப் பேர், அப்பாவைச் சேர்த்தால் ஒன்பது. ஒன்பது பேரும் படுக்கைதான். எல்லோருடைய பிள்ளைகளும் உன்னைப் போலவே நல்ல நிலைமையில் நல்ல தூரத்தில் இருக்கிறார்கள்.

இல்லத்தின் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டிய வருஷம் இது. ஐந்து வருஷத்துக்கு முன் முதல் தடவை விண்ணப்பித்தபோது வடலூரில் ஒரு டைப்பிங் கடையில் கொடுத்தோம். அந்தப் பெண் எல்லாக் கேள்விக்கும் இல்லை, இல்லை என்று அடித்துக் கொடுத்தாள், நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன், அப்பாவும் போட்டார். முப்பது வருஷம் நர்ஸாக இருந்து சார்ட் பார்க்காமல் ஒருவருக்கும் ஒரு மாத்திரை கொடுத்ததில்லை, சர்க்கார் காகிதம் என்றால் மட்டும் என் கை தானாகவே கையெழுத்துப் போடுகிறது. இந்தத் தடவை நானே உட்கார்ந்து நிரப்பினேன். பதினோராவது கேள்வி, இல்லத்தின் நிர்வாகிகள் அல்லது பணியாளர்களில் எவரேனும் குற்ற வழக்கில் தண்டனை பெற்றவரா, ஆம் எனில் விவரம். ஆம் என்று எழுதி, இங்கே வேலை பார்க்கிற பாவாடையின் பெயரைப் போட்டேன்.

பாவாடையை உனக்குத் தெரியும். நீ போன தடவை வந்தபோது அப்பாவைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிவந்து உன் பக்கத்தில் உட்கார வைத்தவர். நீ போட்டோ எடுத்தபோது படத்தில் விழாமல் ஒதுங்கி நின்றார். குள்ளஞ்சாவடிப் பக்கம் ஊர். இருபத்தைந்து வயதில் அக்காவை அடித்துக்கொண்டிருந்த மச்சானை அரிவாளால் வெட்டினார், அந்த ஆளுக்கு ஒரு கை போயிற்று, இவருக்கு ஏழு வருஷம் ஜெயில். அது சரி என்று நான் சொல்லவில்லை, அவரும் சொல்வதில்லை. எழுதட்டுமா என்று கேட்டதற்கு, செஞ்சது செஞ்சதுதாங்கம்மா, இன்னாத்துக்கு மறைக்கணும், ஆமான்னே எழுதுங்க என்றார். ஜெயிலில் அவரை ஆஸ்பத்திரி வார்டில் வேலைக்குப் போட்டார்கள். படுத்த படுக்கையாக இருந்த கிழக் கைதிகளைத் திருப்பிப் போடுவது, புண்ணைத் துடைப்பது, ஊட்டி விடுவது எல்லாம் அங்கே கற்றதுதான். நான் பார்த்த நர்ஸ்களில் பாதிப் பேருக்கு அந்தக் கை கிடையாது. அவருக்கு ஒரு வழக்கம் உண்டு, நம் இல்லத்தில் ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு சிவப்புத் துணி இருக்கும். அடுத்து எந்தப் பக்கம் திருப்ப வேண்டுமோ அந்தப் பக்கக் கம்பியில் கட்டியிருக்கும், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஆளைத் திருப்பியதும் துணி இடம் மாறும். நான்கு வருஷமாக இந்த இல்லத்தில் ஒருவருக்கும் படுக்கைப் புண் வந்ததில்லை, அது அந்தத் துணியால்.

கடலூரிலிருந்து ஓர் அதிகாரி ஆய்வுக்கு வந்தார். கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி வாசலிலிருந்தே தீயணைப்புக் கருவி எங்கே, கேமரா எங்கே என்று கேட்டார், ஒன்பது கட்டிலில் ஒன்றின் பக்கத்திலும் போகவில்லை. பதினோராவது கேள்வியைப் பார்த்ததும்தான் அவருக்கு உயிர் வந்தது. ஏம்மா, இதையெல்லாம் யாராவது எழுதுவாங்களா, எழுதாம விட்டிருந்தா நான் பாட்டுக்குப் போயிருப்பேனே என்றார். உண்மையைச் சொன்னதற்கு எனக்குக் கிடைத்த பாராட்டு அது. பிறகு ஒரு புதுப் படிவத்தைக் கொடுத்து, அந்த ஆளை நிறுத்திவிட்டு இல்லை என்று எழுதிக் கொடுங்கள், வயதானவர்களின் பாதுகாப்பு முக்கியம் இல்லையா என்று எனக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போனார். இதே பாவாடை சுரங்கத்தில் ஆறு வருஷம் கான்ட்ராக்ட் வேலை பார்த்தவர், அதற்குப் போலீஸ் விசாரித்துக் காகிதம் கொடுத்தது. வெடி வைக்கிற இடத்துக்குப் போகலாம், ஒரு கிழவருக்குக் கஞ்சி ஊட்டக் கூடாதாம்.

அப்புறம், இல்லத்தில் இருக்கிற சுப்பிரமணியன் சாரின் மகன் பாலகுமார் சென்னையிலிருந்து போன் செய்தான். எப்படியோ காதில் விழுந்திருக்கிறது. ஒரு வெட்டுக் கேஸ்காரன் கையாலா எங்கப்பா சாப்பிடறார் என்று கத்தினான். சார் யார் கையால் சாப்பிடுகிறார் என்று அவன் விசாரிப்பது மூன்று வருஷத்தில் இதுதான் முதல் தடவை. பிறகு நீ. விதிமுறை பார்ப்பதுதானே உனக்கு வேலையே. ரிஸ்க் எடுக்காதீங்கம்மா, கேஸ் உள்ள ஆளை முதலில் வெளியே அனுப்புங்க, இது காமன் சென்ஸ் என்றாய். அதிகாரி சொன்னதை நான் மதிக்கவில்லை, பாலகுமார் சொன்னதையும் மதிக்கவில்லை, பெற்ற பிள்ளை சொன்னதை மட்டும் மதித்தேன். அது என் தப்பு, அதை உன் மேல் போட மாட்டேன்.

பாவாடையை உட்கார வைத்துச் சொன்னேன். சரிங்கம்மா, வூட்லதான் இருப்பேன், துணிய மட்டும் மாத்திக்கினே இருக்கச் சொல்லுங்க என்று சொல்லிவிட்டு, தன் லுங்கியையும் டிபன் டப்பாவையும் பையில் போட்டுக்கொண்டு போனார். அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை. பாவாடையின் இடத்துக்குச் செல்வகுமார் என்று ஒருவர் வந்தார். டிப்ளமோ இருக்கிறது, போலீஸ் சான்று இருக்கிறது, இஸ்திரி போட்ட சட்டை இருக்கிறது. இதற்கெல்லாம் மேலே அவருடைய அப்பா மைன்ஸில் பர்மனென்ட்டாக இருந்து ரிடையர் ஆனவர். அது தெரிந்ததும் நான் வேறு ஒன்றும் கேட்கவில்லை. நம் நகரியத்து ஆட்களுக்கு இது ஒரு வியாதி, பர்மனென்ட் வீட்டுப் பிள்ளை என்றால் போதும், பெண்ணையே கொடுத்துவிடுவோம். முதல் நாளே துணியைப் பற்றி விவரமாகச் சொன்னேன், கையில் போனை வைத்துக்கொண்டு நன்றாகத் தலையாட்டினார்.

இரண்டு வாரத்துக்கு முன், வியாழனும் வெள்ளியும் நான் கடலூரில் இந்த உரிமத்துக்காகவே ஒவ்வொரு மேஜையாக அலைந்துவிட்டு இருட்டிய பிறகு வந்து படுத்தேன். சனிக்கிழமை காலையில் சுப்பிரமணியன் சாரின் கட்டிலைப் பார்த்தால், வியாழக்கிழமை காலை பார்த்த அதே முடிச்சோடு துணி இடது பக்கமே இருக்கிறது. மனுஷன் இரண்டு நாளாக மல்லாந்தே கிடந்திருக்கிறார். திருப்பிப் பார்த்தேன், முதுகு முடிகிற இடத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்குத் தோல் உரிந்து சிவந்து கிடந்தது. முப்பது வருஷ நர்ஸ் நடத்துகிற இடத்தில், அசோக்கு. எனக்கு அழுகைதான் வந்தது. செல்வகுமாரைக் கேட்டால், அது வேண்டுதலுக்குக் கட்டினதுன்னு நெனச்சேன் மேடம் என்கிறார். சார், பாவாடை எங்கேம்மா என்று மட்டும் கேட்டார். அப்பா இடது கையால் கம்பியைப் பிடித்துத் தானே புரண்டுகொண்டதால் தப்பித்தார். அந்தக் களங்கமில்லாத மனிதரை அன்றைக்கே அனுப்பிவிட்டு, பஸ் பிடித்து நானே குள்ளஞ்சாவடிக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் பாவாடை கேட்ட முதல் கேள்வி, யாருக்குங்கம்மா, எந்த எடத்துல என்பதுதான். வேலை திரும்பக் கிடைக்குமா என்று அவர் கேட்கவே இல்லை. சட்டையை மாட்டிக்கொண்டு என்னோடு அதே பஸ்ஸில் வந்துவிட்டார். புண் இப்போது ஆறி வருகிறது.

பாவாடை திரும்பி வந்த மறுநாள் அப்பாவின் கட்டில் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு புதுப் படிவத்தை நிரப்பினேன். என்ன வந்தாலும் வரட்டும் என்று பதினோராவது கேள்விக்கு மறுபடியும் ஆம் என்று எழுதி பாவாடையின் விவரத்தைச் சத்தமாகப் படித்தேன். அப்பா இடது கையால் காகிதத்தைத் தட்டினார். பிறகு தன் நெஞ்சைத் தட்டினார். வலிக்கிறதோ என்று நான் பதறி எழுந்தால், இல்லை என்று தலையாட்டிவிட்டு மறுபடியும் காகிதம், மறுபடியும் நெஞ்சு. கோ, கோர்ட்டு என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இல்லம் எங்கள் இருவர் பெயரிலும் இருக்கிறது, நிர்வாகி என்றால் அவரும்தான். ஐந்து வருஷத்துக்கு முன் டைப்பிங் கடையில் அடித்துக் கொடுத்த அந்த ‘இல்லை’ அவர் மனசில் இத்தனை நாள் உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது.

நீ மறந்திருப்பாய், அதனால் எழுதுகிறேன். உனக்குப் பதினாறு வயது, ப்ளஸ் ஒன். சொல்லாமல் அப்பாவின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய், ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்த ராயப்பனை இடித்தாய், அவருக்குக் கால் எலும்பு இரண்டாக முறிந்தது. அப்பா ஸ்டேஷனுக்குப் போய், வண்டி ஓட்டியது நான்தான் என்று எழுதிக் கொடுத்தார். அது பொய், அதற்கு நானும் உடந்தை. கோர்ட்டில் அபராதமும் கோர்ட் கலையும் வரை சிறையும் கொடுத்தார்கள். சாயங்காலம் வரைக்கும் அந்த பெஞ்சில், தன் செக்‌ஷன் ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போகப் போக, தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். பிரமோஷன் தள்ளிப்போனது. உன் பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரிக்க வந்தபோது உன் பெயரில் ஒரு புள்ளி கூட இல்லை, எவ்வளவு சுத்தம் என்று நீயே பெருமைப்பட்டாய். ராயப்பன் இன்றைக்கும் காலை இழுத்துத்தான் நடக்கிறார். யார் ஓட்டியது என்று அவருக்குத் தெரியும். வடலூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தால், தம்பி நல்லா இருக்குதாம்மா என்று உன்னைத்தான் விசாரிக்கிறார்.

கருப்பசாமி, நிர்வாகி, சாலை விபத்து வழக்கு, தண்டனை பெற்றவர் என்று பாவாடையின் பெயருக்கு மேலே எழுதினேன். அப்பா இடது கையால் கையெழுத்துப் போட்டார், கோணல்மாணலாக இருந்தாலும் படித்துவிட்டுப் போட்டார். வருகிற வியாழக்கிழமை கடலூரில் விசாரணை. உரிமத்தை மறுத்தால் ஒன்பது பேரையும் எங்கே கொண்டுபோவது என்று எனக்குத் தெரியவில்லை, அதை நினைத்தால் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கைக்குட்டை அதிகாரிக்காக இன்னொரு படிவம் எழுத மாட்டேன். சார் முதுகை போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன், சான்றிதழ் உள்ள கை செய்தது இது, சான்றிதழ் இல்லாத கை ஆற்றியது இது என்று மேஜையில் வைப்பேன்.

வளர்மதிக்குத் தமிழ் நன்றாகப் படிக்க வரும். அதற்காக இந்தக் கடிதத்தை ஒளித்து வை என்றும் சொல்ல மாட்டேன், காட்டு என்றும் சொல்ல மாட்டேன். வேளாவேளைக்குச் சாப்பிடு, குட்டிப் பெண்ணை வெயிலில் அதிகம் விளையாட விடாதே. நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். அப்பாவும் தன் இடது கையைத் தூக்கி ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார்.

ஒன்றை மறந்துவிடாதே. வியாழக்கிழமைக்குள் போன் செய். கேஸ் உள்ள ஆளை வெளியே அனுப்புங்கள் என்பதுதான் இன்னமும் உன் முடிவு என்றால், இங்கே அப்படி இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவரை நான் அனுப்பிப் பார்த்துவிட்டேன். இன்னொருவரை நீ வந்து கூட்டிக்கொண்டு போ.

இப்படிக்கு,
உன் அம்மா
விஜயகுமாரி