எது மேல்பக்கம்?

செப்டம்பர் 9
துணைக்கு வந்திருக்கும் சித்தி தூங்கிவிட்டாள். போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். கணக்குப் பரீட்சையில் பாதிதான் எழுதினேன். கேட்க வீட்டில் யார் இருக்கிறார்கள்? அம்மா ஆஸ்பத்திரியில், குருவியோடு.

குருவி என் தங்கை. வாய் ஓயாததால் அந்தப் பெயர். கேஸ் அடுப்புத் தீயில் இரண்டு கால்களும் வெந்துபோனதிலிருந்து பேசுவதே இல்லை. அவள் தோளிலிருந்து தபால்தலை அளவு நல்ல தோலை எடுத்து, அப்பா வேலை செய்யும் ஆய்வகத்தில் அதன் செல்களைப் பெருக்கியிருக்கிறார்கள். இனி அவற்றை ஒரு பிளாஸ்டிக் தாளில் விடுவார்களாம். அதில் ஒட்டி வளர்ந்தால்தான் குருவிக்குத் தோல்.

செப்டம்பர் 11
பள்ளி விட்டதும் அப்பாவிடம் போனேன். அந்தத் தாளைத் தயார்செய்வதுதான் அவர் வேலை. வெறும் பிளாஸ்டிக்கில் செல் ஒட்டாது. காற்றை உறிஞ்சியெடுத்த இரும்புப் பெட்டிக்குள் தாளை வைத்து மின்சாரம் கொடுத்தால், உள்ளே ஊதா வெளிச்சம் பரவும். அதுதான் பிளாஸ்மா. வெளிச்சம் பட்ட மேல்பக்கம் மட்டும் மாறிவிடும். ஆனால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் அப்பா தாளை வெளியே எடுத்ததும், நீளவாக்கில் வைத்து, மேல்பக்கத்தைப் பார்த்தபடி வலது மேல் மூலையைக் கத்தரித்துவிடுவார்.

இன்று இரண்டு தாள்களைச் சேர்த்து இடுக்கியில் எடுத்தபோது அம்மாவின் போன் வந்தது. "காய்ச்சல் ஏறிடுச்சுங்க." அப்பா தாள்களை மேசையில் போட்டுவிட்டு ஜன்னலுக்குப் போனார். திரும்பி வந்து இரண்டையும் சேர்த்தே வெட்டினார். செல்களை வளர்க்கும் அறையில் வேலை செய்யும் அக்கா ஒன்றை வாங்கிக்கொண்டாள். "என்ன சார், குருவிக்குப் புதுச் சட்டை ரெடியா?" அப்பா சிரிக்கவில்லை. மிச்சத் தாளில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்ப்பது வழக்கம். பரவினால் நல்ல பக்கம், உருண்டு நின்றால் வெறும் பக்கம். இன்று அதையும் பார்க்கவில்லை. அந்தத் தாளைப் புத்தகத்தில் வைக்க நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அப்பா மேசையில் போட்டபோது தாள்கள் புரண்டனவா? நான் பார்த்தேன். பார்த்தேனா?

செப்டம்பர் 12
குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு சொட்டு விட்டேன், தாளை நீளவாக்கில், வெட்டிய மூலை வலது மேலே வரும்படி வைத்து. உருண்டு நின்றது. புரட்டினேன் — பரவியது. மறுபடியும் அதேதான். அப்படியானால் குருவியின் செல்கள் வெறும் பக்கத்தில். ஐயோ.

செப்டம்பர் 13
விடிவதற்குள் அப்பாவை எழுப்பிக் காட்டினேன். "உனக்கு என்னடி தெரியும்? போய்ப் படு." பிறகு அவரே சொட்டு விட்டார். அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"அக்காகிட்ட சொல்லுங்கப்பா."

"சொன்னா அந்தப் பெட்டிப் பக்கமே என்னை விடமாட்டாங்க. கொஞ்சம் பொறு. சில நேரம் தானா ஒட்டிக்கும்."

ஒட்டாது! எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தானே?

பள்ளிக்கு எதிர்க் கடையிலிருந்து அக்காவுக்குப் போன் செய்தேன். அழுதுகொண்டேதான் ஆரம்பித்தேன். "அழாம சொல்லு. எந்தப் பக்கம் உருண்டுச்சு?" சொன்னேன். "நானும் பாத்துக்கிட்டே இருக்கேன், செல்லு ஒட்டாம எல்லாம் மிதக்குது. என் கைதான் சரியில்லனு நெனச்சு என்னையே திட்டிக்கிட்டு இருந்தேன். போனை வை, ஓடணும்."

அப்பா வீட்டுக்கு வந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

செப்டம்பர் 14
செல்கள் பாதிக்கு மேல் செத்துவிட்டனவாம். உயிரோடு இருந்தவற்றை அக்கா புதுத் தாளில் விட்டிருக்கிறாள்.

செப்டம்பர் 17
அப்பாவைச் சாமான் அறைக்கு மாற்றிவிட்டார்கள். அம்மாவிடம் "மெஷின் கோளாறு" என்று சொன்னார். அம்மா என்னைப் பார்த்தாள். நானும் தலையாட்டினேன்.

அக்டோபர் 6
ஒட்டியிருக்கிறது. ஆனால் ஒரு காலுக்குத்தான் போதுமாம். மறுபடி பெருக்கும்வரை புண் காத்திருக்காதாம்.

டிசம்பர் 20
குருவி வீட்டுக்கு வந்துவிட்டாள். வலது காலில் மெல்லிய புதுத் தோல். இடது காலில் புண் தானாக ஆறித் தோல் சுருங்கிவிட்டது. முட்டியை நீட்ட முடியவில்லை. ஒற்றைக் காலில் நின்று, "குருவி போயாச்சு, இனிமே கொக்குனு கூப்பிடு" என்றாள். சித்தி சிரித்துக்கொண்டே உள்ளே போய் அழுதாள்.

சாயங்காலம் அம்மா குருவியின் முட்டிக்கு எண்ணெய் தடவி நீவிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா ஒரு காலுக்கு மட்டும் தோல் வச்சாங்க?"

"மெஷின் கெட்டுப்போச்சுடா கண்ணு."

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த அப்பா நிமிரவில்லை. "மெஷின் நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் தாளைத் திருப்பி வெட்டிட்டேன்." செருப்பை ஓரமாக வைத்துவிட்டு, "பெரியவளுக்கும் தெரியும். அவ சொல்லலன்னா அந்த ஒரு காலும் இல்ல" என்றார்.

அம்மாவின் கை நின்றது.

"ஏம்மா நிறுத்திட்ட?" என்றாள் குருவி.

இப்போது எல்லோரும் படுத்துவிட்டார்கள். அப்பாவின் தட்டு மூடியபடியே இருக்கிறது. அம்மா மட்டும் சமையலறையில் உட்கார்ந்திருக்கிறாள். என்னைக் கூப்பிடுகிறாள். கோபமா என்று குரலில் தெரியவில்லை. போகிறேன்.